தந்தியில் இல்லாத ‘து’

ஒரு இங்கிலீஷ் சொல்லை மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு போய் அர்த்தம் கேட்டால் அந்தம்மா சொல்ல மாட்டார். “யார் யாருக்குச் சொன்னது?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

“அது எதுக்கு மேடம்? சொல்லுக்கு அர்த்தம் சொன்னா போதும்.”

“அதெப்படிண்ணே சொல்றது? பஸ் ஸ்டாண்டுல நிக்கற கொழந்தைய மட்டும் தூக்கியாந்து, இது யார் வூட்டுப் புள்ளைன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்? கூட யார் நின்னாங்க, அத்த சொல்லுங்க.”

எழுபதுகளில் நான் திருவண்ணாமலை தந்தி ஆபீசில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோன ஆள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்கத் தந்தித் தாளில் பொறுக்கிச் சேர்த்ததுதான். அந்தம்மா அதே கட்டடத்தில், அடுத்த அறையில், டெலிபோன் ஆபரேட்டர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். ஆற்காட்டுப் பக்கத்து உருது பேசுகிற குடும்பம். பேரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், எதுக்கு எழுதினீங்க, யார் படிக்கறதுக்கு என்று அதற்கும் கேள்வி வரும்.

அவருடைய அறையின் ஜன்னல் எங்கள் சைக்கிள் நிறுத்துகிற இடத்தைப் பார்த்து இருக்கும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சுவர் மாதிரி ஒரு பலகை. பலகை நிறைய ஓட்டைகள். காதில் மாட்டியதைக் கழற்றாமலே கயிறுகளைப் பிடுங்கி ஓட்டை மாற்றிச் செருகிக்கொண்டே என்னோடு பேசுவார். மேஜை இழுப்பறையில் ஒரு அகராதி கிடக்கும். இங்கிலீஷ் சொல்லுக்கு உருதுவில் அர்த்தம் போட்டது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அவருடைய அப்பா வைத்திருந்தது. அட்டை கிடையாது. முன்னால் ஒரு கொத்துப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டதால் ‘ஏ’ என்ற எழுத்தே அதில் இல்லை.

“ஏ-ல ஆரம்பிக்கற வார்த்தைங்களுக்கு நான் பொறுப்பில்லண்ணே. அத்தெல்லாம் கறையானைக் கேளுங்க.”

மற்ற எழுத்துகளுக்கு மூன்று படி ஏறவேண்டும். இங்கிலீஷ் சொல், அதற்கு உருது, அந்த உருதுக்கு அவர் யோசித்துச் சொல்லும் தமிழ். பாதி நேரம் மூன்றாவது படிக்கே வேலை இருக்காது. ‘கேன்சல்’ என்ற சொல்லுக்கு அகராதியைப் பார்த்து “ரத்து” என்றார். “இது எங்க தமிழாச்சே” என்றேன். “உங்க தமிழ்தான். எங்க வூட்லேர்ந்து பொறப்பட்டு உங்க வூட்ல வந்து தங்கிடுச்சி” என்றார். ஜாஸ்தி, கம்மி, வசூல், ஜாமீன், ராஜினாமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நாற்பது வயது வரைக்கும் நான் உருது பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

நான் அவரிடம் அர்த்தம் கேட்கப் போனதற்குக் காரணம் ஒரு கடலைக்காய் வியாபாரி. கீழ்பென்னாத்தூரில் மண்டி வைத்திருந்தார். அவருக்கு ஒரு தந்தி வந்தது. ‘யுவர் ஆர்டர் எக்ஸிக்யூட்டட்.’ என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். எக்ஸிக்யூட் என்றால் தூக்கில் போடுவது என்று எனக்குத் தெரியும். பேப்பரில் பார்த்திருக்கிறேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “உங்க ஆர்டரத் தூக்குல போட்டுட்டாங்க மொதலாளி” என்றேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். “நான் இன்னாய்யா துரோகம் பண்ணேன் அவனுக்கு?” என்று அந்தக் கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் மண்டி வாசலில் நின்று திட்டித் தீர்த்தார். மறுநாள் லாரியில் சரக்கு வந்து இறங்கியது.

அதன் பிறகுதான் ஜன்னலுக்குப் போனேன். தந்தியில் இருப்பதை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் விதி. ஆகையால் சொல்லை மட்டும் கொண்டுபோனேன். அவர் தன் கேள்வியைக் கேட்டார். விதியைச் சொன்னேன். “பேரு வேணாம், ஊரு வேணாம். அம்மா புள்ளைக்குச் சொன்னதா, மொதலாளி வேலைக்காரனுக்குச் சொன்னதா, அத்த மட்டும் சொன்னா போதும்” என்றார்.

“வியாபாரி வியாபாரிக்கு.”

அகராதியைப் புரட்டிவிட்டு, “தாமீல்” என்றார்.

“நான் தமிழ்லதான கேக்கறேன்?”

“நானும் அதான் சொல்றேன். தாமீல்.”

“மேடம், தமிழ்ல இன்னான்னு கேக்கறேன், நீங்க தமிழ்னே சொல்றீங்க.”

அந்தம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கயிறு நழுவி யாருடைய பேச்சோ அறுந்துபோனது. உருதுவில் ‘தாமீல்’ என்றால், சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்துக் கொடுப்பதாம். “எக்ஸிக்யூட்டுக்கு ரெண்டு அர்த்தம். ஜட்ஜு ஜெயிலருக்குச் சொன்னா தூக்கு. வியாபாரி வியாபாரிக்குச் சொன்னா சரக்கு வருது. சொல்லு ஒண்ணுதான், வாய்தான் வேற” என்றார்.

இந்தப் பிடிவாதம் அவருக்கு ஒரு அடிபட்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேரடித் தெருக்காரர் ஒருவர் பெண்ணுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையோடு பேச மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டாராம். அந்தம்மா எல்லோருக்கும் சொல்கிற மாதிரி, “எங்கேஜ்டு சார்” என்றாராம். மனுஷனுக்கு முகம் கறுத்துவிட்டது. “நிச்சயமே ஆயிடுச்சா? எங்ககிட்ட தேதி குறிச்சிட்டு, அங்க ஒருத்திக்கு நிச்சயம் பண்ணிட்டானா?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார். அந்தம்மா காதில் மாட்டியதைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டபடி தெருவில் ஓடிப் போய் அவரை நிறுத்தினாராம். “சார், சார், மாப்ளைக்கு இல்ல சார், டெலிபோனுக்கு!”

அன்றிலிருந்து அவர் வாயில் எங்கேஜ்டு வந்ததே இல்லை. “அங்க வேற யாரோ பேசிட்டிருக்காங்க, கொஞ்சம் இருங்க” என்று முழுசாகச் சொல்வார். கூட வேலை செய்தவர்களுக்கு இது பெரிய கேலி. “மேடத்தக் கண்டு வணக்கம் சொன்னாகூட யார் யாருக்கு வச்ச வணக்கம்னு கேப்பாங்க” என்பார்கள். கேட்கவும் செய்வார். எரிச்சல் வரும். அவசரத்துக்கு ஒரு சொல் கேட்டால் கால் மணி நேரம் விசாரணை நடத்துவார். முடிவில், “எனக்குத் தெரியாதுண்ணே” என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார். எங்கள் ஆபீசில் தெரியாது என்ற வார்த்தையைத் தலை நிமிர்ந்து சொன்ன ஒரே ஆள் அவர்தான். எண்பதுகளில் மாற்றலாகி வேலூர்ப் பக்கம் போகும் வரைக்கும் அப்படியேதான் இருந்தார்.

ஒரு சொல்லை மட்டும் நான் நன்றாகக் கற்றுக்கொண்டதாக நினைத்தேன். ரிலீவ்டு. ஒரு வாத்தியார் வீட்டுக்கு வந்த தந்தியில் அது இருந்தது. அப்பா எல்லா வேதனையிலிருந்தும் ரிலீவ்டு, என்று அண்ணன் தம்பிக்கு அடித்தது. வாத்தியார் படித்துவிட்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜன்னலில் வந்து சொன்னேன். “நஜாத்” என்றார் அந்தம்மா மெதுவாக. “விடுதலை. செத்துட்டார்னு எழுத மனசு வராம அப்படி எழுதியிருக்காங்க.”

ஆக, ரிலீவ்டு என்றால் சாவு. மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதற்கு ஒரு வருஷம் கழித்து, அடி அண்ணாமலைக்கு ஒரு தந்தி. அந்த வீட்டை எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை ஏழுமலை வடக்கே எங்கோ அணை கட்டுகிற இடத்தில் வெல்டர். பத்து நாளைக்கு முன்னால், அவனுக்கு மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று ஒரு தந்தியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். அவனுடைய மனைவி பச்சையம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். என் சைக்கிள் மணி கேட்டதும் மாமியாரைக் கூப்பிட்டாள்.

“படிச்சிச் சொல்லுப்பா” என்றார் ஏழுமலையின் அம்மா.

பிரித்தேன். ‘ஏழுமலை ரிலீவ்டு ஸ்டார்ட்டிங் டுமாரோ.’ கீழே அனுப்பியவர் பேர் இருக்கும் இடத்தில் கேம்ப் ஆபீஸ் என்று இருந்தது. சாவு என்று சொல்ல வாய் வரவில்லை. வாத்தியாரின் அண்ணன் எழுதினானே, அதே மாதிரி சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

“ஏழுமலைக்கு விடுதலைன்னு போட்டிருக்கும்மா. நாளைக்கு அங்கேர்ந்து கெளம்புதாம்.”

கிளம்புது என்றேன். அவ்வளவுதான். ஏழுமலையின் அம்மா ஒரு கணம் என் வாயையே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் மார்பில் அறைந்துகொண்டு விழுந்தார். பச்சையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஏழுமலையின் மாமா பெரியவர், “எங்கேப்பா அந்தக் காயிதம்?” என்று வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மேளத்துக்குச் சொல்லிடுங்க. நாளைக்குக் கெளம்புனா நாலாம் நாளு வந்து சேந்துரும்” என்றார். வயசான பெண்கள் இருவர் பச்சையம்மாளின் கை வளையலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஏன் என்று தெரியவில்லை, அந்த வளையலைப் பார்த்ததும் எனக்கு ஜன்னல் ஞாபகம் வந்தது. “கொஞ்சம் இருங்க, யாரும் ஒண்ணும் பண்ணாதீங்க, நான் ஆபீசுல கேட்டுட்டு வந்துடறேன்” என்று கத்திவிட்டு மலையைச் சுற்றும் பாதையில் சைக்கிளை மிதித்தேன். மூச்சு வாங்க ஜன்னலில் போய் நின்றபோது மணி இரண்டு.

“மேடம், ரிலீவ்டுன்னா சாவுதான?”

“யார் யாருக்குச் சொன்னது?”

“இந்த நேரத்துலயுமா மேடம்?”

“இந்த நேரத்துலதான்.” காதில் மாட்டியதைக் கழற்றினார். அவர் அப்படிக் கழற்றி நான் பார்த்ததில்லை. “பேரு வேணாம். சொல்லுங்க.”

“வேலை செய்யற எடத்து ஆபீசு, வூட்டுக்கு அனுப்பினது. ஆளு ஒடம்பு முடியாம கெடந்தவரு. அடுத்த வார்த்தை ஸ்டார்ட்டிங் டுமாரோ.”

“அத்த நீங்க அவங்ககிட்ட எப்படிச் சொன்னீங்க?”

“நாளைக்குக் கெளம்புதாம்னு. அவரு பொண்டாட்டி வளையலப் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க மேடம்.”

அந்தம்மா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

“ஸ்டார்ட்டிங்ல ‘து’ எங்கண்ணே இருக்கு?”

எனக்குப் புரியவில்லை.

“இங்கிலீஷ்ல ஸ்டார்ட்டிங்னா ஸ்டார்ட்டிங். பொணமும் ஸ்டார்ட்டிங், பொணம் தூக்கறவனும் ஸ்டார்ட்டிங். தமிழ்ல கெளம்புறான்னு சொன்னா ஆளு. கெளம்புதுன்னு சொன்னா பொணம். அந்த ‘து’ தந்தியில வரல. நீங்க போட்டது.”

நான் கொன்றுவிட்ட மாதிரியே இருந்தது. “அப்போ உசுரோட இருக்கானா மேடம்?”

“தெரியாது. போயி அவங்களக் கூட்டியாங்க. தந்தியக் கையோட கொண்டு வரச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு வளையலை எவளாவது தொட்டா நான் கேப்பேன்னு சொல்லுங்க.”

ஜட்கா வண்டி பிடித்துக்கொண்டு திரும்பப் போனேன். மேளக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். ஏழுமலையின் அம்மாவையும் பச்சையம்மாளையும் மாமாவையும் வண்டியில் ஏற்றினேன். வழி முழுக்க அந்தத் தாய் அழுத அழுகையில் குதிரைக்காரரே சாட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் அந்தம்மா கேம்ப் ஆபீசுக்கு அவசரக் கால் பதிந்து வைத்திருந்தார். பத்து நாளைக்கு முன்னால் வந்த தந்தியில் இருந்த நம்பரை, நான் சொல்லிவிட்டுப் போனபடி, எங்கள் ஆபீசிலேயே பார்த்துக் கொடுத்தார்கள். வேலூர், மெட்ராஸ், நாக்பூர், அதற்கப்பால் எதுவோ என்று கை மாறிக் கை மாறிப் போகவேண்டும். அந்தம்மா தந்தியை வாங்கிப் படித்தார். சுற்றி நின்ற எல்லோரும் அவருடைய முகத்தையே பார்த்தோம்.

“அம்மா, கேளுங்க. இந்த வார்த்தைக்கு மூணு அர்த்தம் இருக்கு. எங்க பாஷையில மூணுக்கும் தனித்தனி வார்த்தை. ஒண்ணு நஜாத். அது நீங்க பயப்படறது. இன்னொண்ணு ஆராம். நோவு போயிடுச்சின்னு. மூணாவது சுபுக்தோஷ்.”

“தோஷமா?” என்று அலறினார் ஏழுமலையின் அம்மா. “இன்னா தோஷம் பீபிம்மா? செவ்வாதோஷமா? அன்னைக்கே ஜோசியன் சொன்னானே!”

“ஐயோ, அந்தத் தோஷம் இல்லம்மா! தோஷ்னா தோளு. சுபுக்னா லேசு. தோள்ல இருந்த வேலைய எறக்கி வச்சாச்சி, இனிமே அந்த எடத்துல அவருக்கு வேலையில்ல, வேற எடத்துக்குப் போறாருன்னு ஆபீசுக்காரங்க எழுதற வார்த்தை. மாத்தல் எதனா கேட்டிருந்தாரா உங்க புள்ள?”

பச்சையம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். “ரெண்டு வருசமா எழுதிப்போட்டுனு இருந்தாரு. இந்தப் பக்கம் அனுப்பச் சொல்லி.”

“அப்போ அதான்!” என்றார் மாமா.

“அதான்னு நான் சொல்லலைங்க பெரியவரே. மூணுல எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியற வரைக்கும் யாரும் அழக்கூடாது, யாரும் சிரிக்கவும் கூடாது. ஒக்காருங்க.”

உட்கார்ந்தோம். அந்தம்மாவின் குரல் மட்டும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. நாக்பூரில் லைன் இல்லை என்றார்கள் போல. உருதுவில் கெஞ்சினார், அதட்டினார், “பெஹன், பெஹன்” என்று அங்கே இருந்த ஆபரேட்டரைச் சகோதரி ஆக்கினார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கேம்ப் ஆபீஸ் கிடைத்தது. ஏழுமலை என்னவானான் என்று அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

“இன்னா சொல்றாங்க மேடம்?”

“‘ரிலீவ் ஹோ கயா’ன்னு சொல்றான், படுபாவி! அவனும் அதே வார்த்தையையே சொல்றான்!” என்றவர், லைனில் ஆபீசே அதிரும்படி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஜிந்தா ஹை க்யா?”

ஆள் உயிரோடு இருக்கிறானா என்று. அது உருது தெரியாதவனுக்கும் புரியும். பச்சையம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

அந்தப் பக்கத்துக் குமாஸ்தா சிரித்திருக்கிறான். அந்தம்மா திரும்பி, “கஞ்சி குடிச்சிட்டிருக்காராம். கூப்பிட ஆளு போயிருக்கு. லைன விடாதீங்கன்னு நாக்பூர்ல சொல்லி வச்சிருக்கேன். போங்க, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயி போனை எடுங்க” என்றார்.

ஏழுமலையின் அம்மா ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்தார். பச்சையம்மாள் திருப்பி வைத்தாள். கண்ணாடிக் கதவை மூட யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தில் ஏழுமலை எடுத்த எடுப்பில் அழுதுகொண்டே பேசினான். வெளியில் நின்ற எனக்கே கேட்டது. ஊரிலிருந்து அவசரக் கால் என்று சொல்லி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவன் என்ன நினைப்பான்?

“யாருக்கு இன்னா ஆச்சி? அம்மா இருக்குதா?”

“டேய்! நீ இருக்கியாடா?”

“நான் இருக்கேன், நீ இருக்கியாம்மா?”

“நான் இருக்கேன்டா, நீ இருக்கியா?”

கொடுத்த நேரத்தில் முக்கால்வாசி இதிலேயே போயிற்று. கடைசியில் பச்சையம்மாள் ரிசீவரைப் பிடுங்கினாள். “எப்ப வரீங்க?” என்று ஒன்றுதான் கேட்டாள். வெளியில் வந்து, யாரும் கேட்காமலே, “நாளைக்குக் கெளம்புறாராம்” என்றாள். மாமா ஆபீஸ் வாசலுக்கு ஓடி, வண்டிக்காரரைக் கூப்பிட்டு, மேளக்காரரை முதலில் வீட்டுக்கு அனுப்பவேண்டும், சீக்கிரம் ஓட்டு என்றார். ஏழுமலையின் அம்மா ஜன்னலுக்குள் கையை விட்டு அந்தம்மாவின் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கெடுத்தார். காதில் மாட்டியது கோணிக்கொண்டு தொங்கியது.

வண்டி போன பிறகு நான் ஜன்னலிலேயே நின்றேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் போல இருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

“உங்களுக்கு மட்டும் எப்படி மேடம் ஆரம்பத்துலயே தெரிஞ்சுது? மூணாவதுதான்னு?”

அந்தம்மா பலகையில் ஒரு கயிற்றைச் செருகப் போனார். ஓட்டை பிடிபடவில்லை. இரண்டாவது தடவையும் தவறியது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“எங்கண்ணே தெரிஞ்சுது? ரெண்டு மணியிலேர்ந்து எனக்கும் ‘து’ன்னுதான் கேட்டுனு இருந்துது.”